எண்ணெய்க் கருப்பு

ஓய்வு பெற்றவள் என்று நான் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். மரக்காணத்தில் வங்கிக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் தாளை வாங்கிக்கொண்டு, "அப்பா வரலையாம்மா?" என்றார். ஓய்வூதியம் எனக்குத்தான், வயது முப்பத்தாறு என்றேன். என்ன காரணம் என்று கேட்டார். வலது காது என்றேன். பதினோரு வருடம் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றதில் அது போய்விட்டது. கேட்காமல் போனது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். உள்ளே ஒரு விசில் இரவும் பகலும் ஊதிக்கொண்டே இருக்கிறது. மருத்துவக் குழு என்னை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதியது. இப்போது மரக்காணத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் அப்பா வீட்டு மாடியில் இருக்கிறேன். எதற்கும் அவசரமில்லை.

போன வாரம் சந்தியா ஃபோன் செய்தாள். நான் விட்ட இடத்துக்கு வந்த பெண். ஃபோனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அக்கா, த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் எல்லாத்தையும் உலைக்கு அனுப்புறாங்க. எல்லாம் பிரிச்சு கணக்கு எடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எதுலயும் சேர மாட்டேங்குது."

"எது?"

"நம்ம டேபிள் மேல இருக்குதே, பாதியா வெட்டின பாடி. டிரெய்னிங் வர்ற பசங்களுக்குக் காட்டுவோமே, அது. நம்பர் கெடயாது, சொந்தக்காரங்க கெடயாது. உருக்க அனுப்பிடவா? அது யாருதுக்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது யாருடையது என்பதை ஃபோனில் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. சந்தியாவுக்காகவும், அவளுக்குப் பிறகு வருகிறவர்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் உலோகவியல் படித்தேன். தேர்வு எழுதினேன். காவல் துறை ஆயுதங்களைப் பரிசோதிக்கும் ஒரு பணிமனையில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கிரீஸ் துடைத்தேன், எண்களைப் படித்தேன், பெண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகினேன்.

துப்பாக்கியில் எல்லோரும் குழாயைப் பார்ப்பார்கள். நாங்கள் அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கட்டியைப் பார்ப்போம். பாடி என்பது அதுதான். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட் அதற்குள்தான் நகர்கிறது. கதவுத் தாழ்ப்பாள் நிலையில் போய் உட்கார்வது போல, போல்ட்டின் இரண்டு புடைப்புகள் பாடியில் வெட்டிய இரண்டு இருக்கைகளில் உட்காரும். தோட்டா வெடித்தால் குண்டு முன்னால் போகும். அதே அழுத்தம் பின்னாலும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்குவது அந்த இரண்டு இருக்கைகள்தான். அவற்றுக்கு ஒரு சாண் பின்னால் சுடுகிறவரின் கண் இருக்கிறது.

எங்களிடம் வந்தவை உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்டு, ராணுவம் கழித்துவிட்டு, காவல் துறைக்கு வந்தவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். இரும்பு ஒன்றல்ல, அந்தந்த வருடம் எது கிடைத்ததோ அது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே யோசனை இருந்தது. உடம்பு முழுவதும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற இரும்பாக இருக்க வேண்டும். இருக்கைகள் மட்டும் கடினமாக இருக்க வேண்டும். முழுவதையும் கடினமாக்கினால் கண்ணாடி போல உடையும். முழுவதையும் மிருதுவாக விட்டால் இருக்கை அமுங்கும். தொழிற்சாலையில் ஒரு முறை சூடாக்கி, குளிர வைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி இந்தச் சமநிலையைக் கொண்டுவந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாடியை யாரும் நெருப்பில் காட்டக் கூடாது.

என் மேலதிகாரி ரெஜினா மேடம். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். குரலை உயர்த்த மாட்டார்; கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். துப்பாக்கியைத் தொடும் முன் "காலியா?" என்று சத்தமாகக் கேட்பார். அவரே காலி செய்து, அவரே கீழே வைத்து, அவரே திரும்ப எடுத்தாலும் கேட்பார். ஒரு முறை அதிகாரி ஒருவர் துப்பாக்கியின் புகைப்படத்தை நீட்டியபோதும் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அதிகாரி சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

அறிக்கையில் பார்த்தது ஒரு பத்தி, நினைத்தது தனிப் பத்தி. இரண்டும் கலந்தால் தாள் திரும்பி வரும். "பரவால்ல" என்ற சொல் எங்கள் அறையில் கிடையாது.

பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலி. அடுத்து பாடியிலும் போல்ட்டிலும் ஒரே எண்ணா என்பது. அடுத்து நிறம், அதாவது துரு. அடுத்து இரண்டு அளவுத் துண்டுகள்: ஒன்றைத் தோட்டா இடத்தில் வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக் கூடாது. கடைசியாகச் சுட்டுப் பார்த்தல். இரும்பின் கடினத்தைச் சோதிப்பது வரிசையில் இல்லை. அந்தச் சோதனை ஒரு சிறு குழியை விட்டுவிடும், நல்ல துப்பாக்கியில் எதற்கு என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் அப்போது ஒரு காவலர் முகாம் இருந்தது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கே ஆயுத அறைப் பொறுப்பு ஏட்டு ஏழுமலையிடம். அவருடைய குடும்பம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். மனைவி அஞ்சலை அப்போதும் உப்பளத்துக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தார். எங்கள் பரிசோதனையில் வருடா வருடம் அந்த முகாமுக்கு ஒரே குறிப்பு: துரு.

நான் முதலில் அங்கே போன வருடம், மேடம் ஒரு துப்பாக்கியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏழுமலை, இது துப்பாக்கியா, நங்கூரமா?"

"மேடம், உங்க ஆபீஸ்ல ஏசி இருக்குது. எங்க ரூம்ல ஜன்னலத் தொறந்தா உப்பளம். நாங்க சோத்துக்குத் தனியா உப்பே போடறதில்ல."

மேடமும் சிரித்துவிட்டார். ஆனாலும் துரு என்று எழுதினார். இருந்ததை எழுதித்தானே ஆக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக முகாம் அதிகாரி ஏழுமலையிடம் ஒவ்வொரு வருடமும் விளக்கம் கேட்பார். விடுப்பு வெட்டுப்படும். தினமும் எண்ணெய் போட்டவர் அவர். துப்பாக்கியைப் பொதிந்திருக்கும் மரக் கட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உப்புக்காற்று அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் நான் அங்கே போகவில்லை. சுட்டுப் பார்க்கும் கொட்டகையில் இருந்தேன். போய் வந்த மேடம் ஆச்சரியத்தோடு சொன்னார்: "அந்த ஏழுமலை துப்பாக்கியெல்லாம் காக்கா ரெக்கை மாதிரி இருக்குது. கைய வெச்சா வழுக்குது." எண் சரி, நிறம் பிரமாதம், அளவுத் துண்டுகள் சரி, சுட்டுப் பார்த்ததிலும் குறையில்லை. மேடம் முத்திரை போட்டார். மாவட்டத்திலிருந்து வந்த உயர் அதிகாரி ஒருவர் சிறந்த ஆயுத அறை என்று பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். ஏழுமலை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்.

அதற்கு அடுத்த பயிற்சியில், காலை வெயிலில், ஏழுமலை சுட்ட ஒரு தோட்டா பின்பக்கமாகப் பிய்ந்தது. பாடி விரிசல் விட்டு, வாயு முழுவதும் அவர் முகத்தில் அடித்தது. வலது கண் போனது.

உடைந்த துப்பாக்கியை ஒரு சாக்கில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார்கள். கூடவே விசாரணை அதிகாரியும் வந்தார்.

"சிம்பிள் கேஸ் மேடம். குழாய் தொடச்ச துணிய உள்ளயே விட்டுட்டு சுட்டிருக்காரு. நீங்க ஒரு வரி எழுதிட்டா முடிச்சிடலாம்."

"எழுதுறோம் சார். எந்த வரின்னு பார்த்துட்டு சொல்றோம்."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்குது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி போகும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வரியில் என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கவனக்குறைவு என்று எழுதினால் ஏழுமலைக்கு வேலையும் போகும், பணியில் அடிபட்டவருக்கான ஓய்வூதியமும் போகும். வீட்டில் உப்பள வேலை ஒன்றுதான் மிஞ்சும்.

முதலில் துணியைப் பார்த்தோம். குழாயில் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கும்போது சுட்டால், அடைத்த இடத்தில் குழாய் ஒரு வளையம் போல வீங்கும். வெளிச்சத்தில் பார்த்தால் கருத்த மோதிரம் போலத் தெரியும். எதுவும் தெரியவில்லை. ஒரு ஈயத் துண்டை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளினேன். வீக்கம் இருந்தால் அந்த இடத்தில் கை திடீரென்று லேசாகும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கம். துணி இல்லை.

பிறகு பாடி. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். நல்ல இரும்பு உடைந்தால் சாம்பல் நிறத்தில், நார் பிரிந்தது போல இருக்கும். இது கல்லுப்பை உடைத்தது போல மினுமினுத்தது. அதிகம் சூடான இரும்பில் துகள்கள் வளர்ந்துவிட்டால்தான் அப்படி இருக்கும். கடினம் பார்த்தோம். பாடியின் மெல்லிய பக்கச் சுவர் அரமே பிடிக்காத அளவு கடினம். இடது இருக்கையோ அரத்தை வைத்தவுடன் பிசிறு விட்டது. தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த மிருதுவான இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியிருக்கிறது. போல்ட் பின்னால் போகப் போக, தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடியிருக்கிறது. கடைசியில் தோட்டா தன் முதுகில் கிழிந்தது. அந்த உதையை மெல்லிய பக்கம் தாங்கவில்லை. மேடம் முத்திரை போட்ட அன்று இருக்கை இன்னும் அமுங்க ஆரம்பிக்கவில்லை. அதனால்தான் அளவுத் துண்டுகள் சரியாக இருந்தன.

நடுவே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவினேன். மேடம் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"பார்த்ததைச் சொல்லு."

"துகள் பெருசு. கடினம் இடத்துக்கு இடம் மாறுது. மேல ஒரு கருப்புப் படலம், எண்ணெய் வாசனை."

"நினைச்சதைச் சொல்லு."

"யாரோ சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கியிருக்காங்க மேடம்."

அவர் ஏலக்காயை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கரையில் இரும்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த வழி தெரியும். படகு இஞ்சின் போல்ட், உப்பளத்து மோட்டார் பாகம், எதுவானாலும் சிவக்கக் காய்ச்சி, கழிவு எண்ணெயில் போட்டு எடுத்தால் ஒரு கருப்பு பிடிக்கும். துரு சீக்கிரம் ஏறாது. கூனிமேட்டில் படகு இஞ்சின் பழுது பார்க்கும் காதர் பாய் இதில் பேர் போனவர். நாங்கள் போனபோது ஒரு விசிறித் தண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், முகாமுக்கு வந்து கருப்பு போட்டீங்களா?"

"ஆமாம்மா. ஏட்டு நம்ம தோஸ்த்து. கேஸ் சிலிண்டரு, எண்ணெ டிரம்மு எல்லாம் வண்டியில ஏத்திக்கினு போனேன். முகாமுக்குப் பின்னாடி வெட்டவெளியில வெச்சி செஞ்சோம். ஆபீசரு கூட நின்னு வேடிக்க பாத்தாரு. பைப்பத் தொடவேயில்ல, நனஞ்ச சாக்க சுத்திட்டு இந்த மொத்தை மட்டும்தான்."

"எவ்வளவு சூடு?"

"கலரு பாத்துதாம்மா. செங்கல் கலரு வந்ததும் டிரம்முல முக்குனா சரி."

"எல்லாத்துக்கும் ஒரே சூடா?"

"கடக்காத்து சும்மா இருக்குமா? கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சிலது மஞ்சளாவே போயிடுச்சி." சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யா அல்லா. அதனாலயா? நம்ம போட்டுல இத்தினி வருஷமா ஒரு போல்ட்டு ஒடஞ்சதில்லம்மா."

"போட்டு போல்ட்டுக்குப் பின்னாடி யாரும் கண்ண வெக்கறதில்ல பாய்," என்றார் மேடம். கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அங்கிருந்து மரக்காணத்தில் ஏழுமலை வீட்டுக்குப் போனோம். கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். மேடம் கையைக் காட்டி உட்கார வைத்தார். அஞ்சலை உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கணுக்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. சுவரில் அந்தச் சான்றிதழ்.

"துப்பாக்கிய நெருப்புல காட்டினதுக்கு ஏற்பாடு பண்ணது யாரு ஏட்டய்யா?" என்று கேட்டேன்.

அஞ்சலை முந்திக்கொண்டார். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நேத்து துணின்னாங்க, இன்னிக்கி நெருப்புன்றீங்க. நாளைக்கி இன்னா சொல்வீங்க?"

"நீ சும்மா இரு. மேடம், துணி இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு. குழாய் சுத்தமா இருக்குது."

அவர் மூச்சை விட்டார். "அது போதும். அந்தப் பேரு மட்டும் வேணாம்னு இருந்தேன். நெருப்பு நான்தான் மேடம். வருசா வருசம் துருன்னு எழுதிட்டுப் போறீங்க. நானும் எத்தினி நாளைக்கித்தான் தொடைக்கறது?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழசுன்னு எழுதிடுங்களேன்," என்றார் அஞ்சலை. "பொய்யா அது? வெள்ளக்காரன் காலத்துத் துப்பாக்கிதான? பழசு, ஒடஞ்சிடுச்சி. அவ்ளோதான. யாருக்கு இன்னா நட்டம்?"

அவர் சொன்னதை நான் ஏற்கெனவே மனதில் எழுதிப் பார்த்திருந்தேன். மூன்று வழிகள் இருந்தன. துணி என்று எழுதினால் பொய். நெருப்பு என்று எழுதினால் உண்மை, ஆனால் இந்த வீடு விழும். வயது என்று எழுதினால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள், ஓய்வூதியமும் வரும். உடைந்தது இந்த முகாமில் ஒன்று. மற்றவற்றை ஏதாவது சாக்கு சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம். வரும் வழியெல்லாம் நான் மூன்றாவதில்தான் இருந்தேன்.

அப்போது ஏழுமலை கேட்டார்: "மேடம், மத்த ரெண்டு முகாமு?"

"எந்த ரெண்டு?"

"சான்றிதழ் குடுத்ததும் பக்கத்து ரெண்டு முகாம்லேந்தும் எப்படி பண்ணேன்னு கேட்டாங்க. பாயக் கூட்டிக்கினு போயி நான்தான் செஞ்சி குடுத்தேன். எல்லாத்துலயும் கருப்பு போட்டாச்சி."

இது எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லாவிட்டால் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

"அவங்களுக்கு எப்ப பயிற்சி?" என்றார் மேடம்.

"திங்கக்கெழம."

அஞ்சலை கணவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"திங்கட்கிழமைய நான் ஒரு ஃபோன்ல நிறுத்திடுவேன் ஏழுமலை," என்றார் மேடம். "ஆனா அந்தத் துப்பாக்கிங்களத் திரும்ப வாங்கணும்னா காரணம் எழுதணும். வயசுன்னு எழுதினா வயசான துப்பாக்கி மாநிலம் முழுக்க இருக்குது, ஒண்ணும் நடக்காது. நெருப்புன்னு எழுதினாத்தான் கருப்பு போட்டதெல்லாம் வரும். எழுதினா நீ மாட்டுவே. நான் மறைக்கல, சொல்லிட்டேன்."

"எழுதிடுங்க."

"யோவ்!" என்றார் அஞ்சலை.

"அங்கயும் என்ன மாதிரி ஒருத்தன் இருப்பான்டி."

"அப்போ நம்ம?"

கிளம்பும்போது அஞ்சலை எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அறிக்கையை நான் எழுதினேன். பார்த்தவை: குழாயில் வீக்கம் இல்லை, துகள்கள் பெரிது, இருக்கை மிருது, மெல்லிய பக்கம் கடினம். நினைத்தது: சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியது. மேடம் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பார்த்ததுல ரெண்டு விட்டுட்ட. எழுதிக்கோ. காய்ச்சினதுக்கு அப்புறம் இதே துப்பாக்கியைப் பரிசோதிச்சு, நிறம் நன்றுன்னு குறிச்சு, சுடத் தகுந்ததுன்னு முத்திரை போட்டவர் ரெஜினா."

"மேடம்..."

"அடுத்தது. துரு துருன்னு வருஷா வருஷம் எழுதின இந்த ஆபீஸ், துருவுக்கு என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு ஒரு வருஷமும் எழுதிக் குடுக்கல."

இரண்டையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த இரண்டு முகாம்களின் துப்பாக்கிகள் வந்தன. ஒவ்வொன்றாக மரக் கட்டையைக் கழற்றி, மறைவான விளிம்பில் அரத்தை வைத்துப் பார்த்தேன். சில தப்பித்திருந்தன. சில வெண்ணெய், சில கண்ணாடி. ஒன்றில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்தபோது இடது இருக்கையின் மூலையிலிருந்து ஒரு சிவந்த முடி மெல்ல மேலே எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன சாயம் திரும்ப வெளியே வருவது அது. அதை எடுத்துச் சுட இருந்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணிக் குற்றச்சாட்டு போனது. அரசு ஆயுதத்தை அனுமதியில்லாமல் மாற்றியதாகப் புதிய குற்றச்சாட்டு வந்தது. முகாம் அதிகாரி வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் அவருக்கே நினைவில் இல்லை. ஏழுமலையைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். பணியில் அடிபட்டதற்கான ஓய்வூதியம் கிடையாது. மேல்முறையீட்டில் நான் சாட்சி சொன்னேன், தள்ளுபடி ஆனது. மேடத்தின் பதவி உயர்வு நின்றது. அவர் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில், அதே ஏலக்காயோடு இருந்தார். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தவரின் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. பரிசோதனை வரிசையில் மட்டும் ஒரு வரி கூடியது: கட்டையைக் கழற்றி, மறைவான இடத்தில் அரம் வைத்துப் பார்க்கவும். அறுத்த பாடியின் ஒரு பாதியை மேடம் மேஜைமேல் வைத்தார், அறுத்த முகம் மேலே பார்த்தபடி. அமிலம் காட்டிக் கொடுத்த துகள்கள் அதில் இன்றும் தெரிகின்றன. சந்தியா கேட்டது அதைத்தான்.

நேற்று மரக்காணத்துக்குப் போனேன். ஏழுமலை இப்போது ஒரு உப்புக் கிடங்கின் வாசலில் காவல் இருக்கிறார். லாரி வந்தால் இடது கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக் கையைக் காட்டுகிறார். அஞ்சலை அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். பேருந்தில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். நான் இடது காதைக் காட்டி உட்கார்ந்ததைப் பார்த்து ஏழுமலை சிரித்தார்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் எடது பக்கந்தான் மேடம்."

நானும் சிரித்தேன். உலை விஷயத்தைச் சொன்னேன். எல்லாத் துப்பாக்கிகளும் போகின்றன, அந்த ஒரு துண்டைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"அது இன்னும் இருக்குதா?" என்றார்.

"பசங்களுக்குக் காட்டுறோம்."

"உருக்கிடச் சொல்லு," என்றார் அஞ்சலை, சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தபடி. "செவுத்துல இருந்த சர்டிபிகேட்ட கண்ணாடியோட கழட்டிக்கினு போனாங்க. இத மட்டும் எதுக்கு வெச்சிக்கினு இருக்காங்க?" கொஞ்சம் பொறுத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் முறை. "அந்த ரெண்டு முகாமு துப்பாக்கி வந்துச்சே. அதுல கெட்டது இருந்துச்சா? நெசமா?"

"இருந்துது. ஒண்ணு விரிசலே விட்டிருந்துது. அடுத்த பயிற்சியில போயிருக்கும்."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அஞ்சலை தலையை ஆட்டினார். என்ன அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து என் முன்னால் போட்டார். சோறு வைத்தார்.

ஏழுமலை யோசித்துக்கொண்டே இருந்தார். லாரி ஒன்று வந்து போனது.

"எப்பிடி வெச்சிருக்கீங்க அத?"

"அறுத்த பக்கம் மேல."

"அதான் தப்பு. அத அப்பிடிப் பாத்தா எவனுக்கும் கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சிடும். திருப்பிப் போடச் சொல்லுங்க. கருப்பு பக்கம் மேல இருக்கட்டும். மொதல்ல அத எடுத்துப் பாக்கட்டும், தடவிப் பாக்கட்டும், நல்லாகீதுன்னு சொல்லட்டும். அப்பறமா திருப்பிக் காட்டுங்க."

சாயங்காலம் மாடிக்கு வந்து சந்தியாவை அழைத்தேன். உலைக்கு வேண்டாம் என்றேன். மேஜையில் அதைத் திருப்பி வைக்கச் சொன்னேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். இரும்பு மேஜையில் உரசும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அவளும் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை போல.

"ஐயோ அக்கா," என்றாள் திரும்பி வந்து. "எவ்ளோ அழகா பண்ணியிருக்காங்க. யாருதுக்கா இது?"

மரக்காணம் ஏழுமலை என்றேன்.